பழகிப்போன நிஃமத்

 

ஷஅபான் மாதம் 29ஆம் நாள் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் நம் ஊரில் நடப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மாடிகளில் ஆட்கள் ஏறிவிடுவார்கள். பள்ளிவாசல் மாடியில் ஒரு கூட்டம் நிற்கும். பிள்ளைகள் கையில் மொபைல். எல்லோர் முகமும் மேற்கே திரும்பியிருக்கும். செஞ்சியில் பிறை பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. நமக்கு மேற்கே மலை இருக்கிறது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் அடிவானத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. தாழ்ந்து கிடக்கும் மெல்லிய பிறை அந்தப் பாறைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டால் அவ்வளவுதான். "இந்த மலை மட்டும் இல்லன்னா பிறை தெரிஞ்சிருக்கும்" என்று வருஷா வருஷம் யாராவது ஒருவர் சொல்வார். சில வருஷங்களில் சொன்னவன் நானே.

அந்த மலையைத்தான் 2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் குழு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் மொத்தம் 12 கோட்டைகள். அவற்றில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம்முடையது.

செய்தி வந்த இரவு எனக்கு ஏழெட்டு போன் வந்தது. சென்னையிலிருந்து மச்சான், துபாயிலிருந்து தம்பி மகன், பல வருஷமாகப் பேசாத பழைய சக ஆசிரியர் ஒருவர். எல்லோரும் ஏதோ நானே கட்டிய கோட்டை மாதிரி வாழ்த்துச் சொன்னார்கள். மறுநாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, பல வருஷங்களுக்குப் பிறகு, நின்று அந்த மலையைப் பார்த்தேன். உச்சியில் இருக்கும் கட்டடங்களின் மீது வெயில் பட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் கடைசியாக ராஜகிரி ஏறியது பத்தாம் வகுப்புப் படிக்கும்போது. எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது.

ஜூலை 10ஆம் தேதி இருந்த மலைதான் 12ஆம் தேதியும் இருந்தது. ஒரு கல் கூடவில்லை. பிறகு எது மாறியது? இந்த இதழில் அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், நாம் பார்க்காமல் விட்டது என்னவென்று ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவு குறுக்கிடும். அதன் மேல் பாலம் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியாது. சிவாஜி 1677இல் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகார் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். ஏறக்குறைய எட்டு வருஷம்! இந்தப் பாறைக்காட்டில் அத்தனை காலம் உள்ளே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள்? கோட்டைக்குள் குளங்களும் சுனைகளும் இருக்கின்றன. கல்யாண மஹாலுக்குச் சுட்ட மண்குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ராஜா தேசிங்கு 1714இல் போரில் விழுந்த பிறகு, நவாப் சாதத்துல்லா கான் பெயரில் 1717-18இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் கோட்டைக்குள் நிற்கிறது. திருவண்ணாமலை போகும் பஸ் இந்தக் கோட்டையை ஊடுருவித்தான் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களில் எத்தனை பேர் தலையைத் திருப்புகிறார்கள் என்று அடுத்த தடவை கவனியுங்கள்.

மலையாவது போகட்டும். பிறைக்கு வருவோம். ஒரு வருஷத்தில் பன்னிரண்டு தலைப்பிறை. ரமளானுக்கும் ஷவ்வாலுக்கும் ஊரே மாடி ஏறுகிறது. பக்ரீத் மாதப் பிறையைச் சிலர் தேடுவார்கள். மிச்சமுள்ள பிறைகளும் அதே வானத்தில், அதே மேற்கில், அதே அழகோடுதான் வருகின்றன. ஆனால் அவை நமக்கு எந்தச் செய்தியையும் சொல்வதில்லை, அதனால் நாம் பார்ப்பதில்லை. நோன்பு தொடங்குமா, பெருநாள் நாளையா என்ற எதிர்பார்ப்புதான் நம் தலையைத் தூக்க வைக்கிறது.

ஆக எதிர்பார்ப்பு இரண்டு வேலை செய்கிறது. 'வருமா, வராதா' என்று இருக்கும்போது அது நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கிறது. 'எப்படியும் வரும்' என்று ஆனதும் அதே எதிர்பார்ப்பு கண்ணை மூடிவிடுகிறது.

அத்தர் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கடைக்குள் நுழைந்ததும் நமக்கு மூக்கைத் துளைக்கும் மணம் அவருக்குத் தெரியவே தெரியாது. தொடர்ந்து வரும் ஒன்றை உடம்பு கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. மனமும் அப்படித்தான் என்பதற்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடித்தன. பிறகு, சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஓர் அடையாளம் காட்டப்பட்டது. சில நாளில் குரங்கு அதைப் பழகிக்கொண்டது. இப்போது அடையாளத்தைக் கண்டதும் செல்கள் துடித்தன; சாறு வாய்க்கு வந்தபோது ஒன்றும் இல்லை! அதே சாறு, அதே இனிப்பு. எதிர்பார்த்தபடி வந்ததால் மூளை அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்து, அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டார்கள். சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் செல்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. ஷுல்ட்ஸும் அவரோடு இருவரும் இதை விளக்கி எழுதிய கட்டுரை 1997இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது.

கடைக்கணக்கு எழுதுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூளை வைத்திருக்கும் நோட்டில் வரவுக்கென்று பக்கமே கிடையாது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அது எழுதுகிறது. எதிர்பார்த்தது வந்தால் பூஜ்யம். வராவிட்டால் நஷ்டம். இந்த நோட்டைத் திறந்து பார்ப்பவருக்கு வாழ்க்கை முழுக்க நஷ்டம் போலத்தான் தெரியும்.

1978இல் அமெரிக்காவில் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் லாட்டரியில் பெரும் தொகை விழுந்த 22 பேரைச் சந்தித்தார்கள். (லாட்டரி நமக்கு ஹராம். தமிழ்நாட்டில் 2003 முதல் அரசும் தடை செய்திருக்கிறது. உதாரணத்துக்காக மட்டும் சொல்கிறேன்!) அதே பகுதியில் வாழும் சாதாரண ஆட்களைவிட அவர்கள் பெரிய சந்தோஷத்தில் இல்லை. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு போன்ற சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த சுகம் மற்றவர்களைவிடக் குறைவாகவும் இருந்தது. விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் அந்த ஆராய்ச்சியில் சேர்த்திருந்தார்கள். அவர்களும் லாட்டரிக்காரர்களும் ஒரே அளவு சந்தோஷமாக இருந்ததாகப் பல மேடைகளில் சொல்கிறார்கள், அது தவறு. விபத்துக்கு ஆளானவர்களின் வேதனை நிஜமாகவே அதிகமாக இருந்தது. நாம் கற்பனை செய்யும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "எல்லாம் பழகிவிடும்" என்று கஷ்டத்தில் இருப்பவரிடம் நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லாம் பழகிவிடுவதில்லை.

இது படைப்பில் உள்ள கோளாறும் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் வியந்துகொண்டு நிற்பவரால் திருவண்ணாமலை ரோட்டைக் கடக்க முடியாது, லாரி வந்து இடித்துவிடும். பழகியதை ஒதுக்கிவிட்டுப் புதியதில் கவனம் வைக்கும் இந்தத் திறன் இருப்பதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு குழந்தை இரவு நிம்மதியாகத் தூங்குகிறதே, எதனால்? காலையில் அம்மா இருப்பாள் என்று எதிர்பார்ப்பதால். அதற்காக அது யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அப்படிச் சொல்லத் தோன்றாத அளவுக்கு உறுதியாக ஒன்று கிடைப்பதே பெரிய நிஃமத்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த நிஃமத் போனால்தான் அது இருந்தது நமக்குத் தெரிகிறது.

ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றுகொண்டு கொட்டியது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பதிவானது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் பூராவும் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி, ஒரே நாளில்! எங்கள் தெருவில் கரண்ட் போனது. கரண்ட் போனதால் மோட்டார் ஓடவில்லை. மாடித் தொட்டி மறுநாள் லுஹருக்குள் காலி. பக்கத்து வீட்டுக் கிணறு ஒன்று, இருபது வருஷமாகக் குப்பை போடத்தான் பயன்பட்டது, நல்லவேளை மூடாமல் விட்டிருந்தார்கள். அதில் வாளி போட்டு இறைத்து, துணியில் வடிகட்டி, ஒளுவுக்கும் கழுவுவதற்கும் வைத்துக்கொண்டோம். குடிக்கும் தண்ணீர் ஒரு கேன், அதை எல்லோரும் டம்ளரில் அளந்து குடித்தோம். என் பேரன் ஏழு வயதுப் பிள்ளை. இரண்டாம் நாள் அவன் கேட்டான்: "நன்னா, தண்ணி எங்கேருந்து வருது?" அதுவரை அவனுக்குத் தண்ணீர் குழாயிலிருந்து வந்தது. அன்றுதான் அது பூமிக்குள்ளிருந்து வந்தது.

அமாவாசையை ஒட்டிய நாள்கள் அவை. மூன்றாம் நாள் இரவு மேகம் கொஞ்சம் விலகியது. தெரு விளக்கு இல்லை, வீட்டு விளக்கு இல்லை. நட்சத்திரங்கள் அப்படித் தெரிந்ததை நான் சின்ன வயதுக்குப் பிறகு பார்க்கவில்லை. பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். கஷ்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

நான்காம் நாள் அஸருக்குப் பிறகு கரண்ட் வந்தது. தெருவே கத்தியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு வீட்டிலிருந்து, விசில் சத்தம் இன்னொரு வீட்டிலிருந்து. கம்பத்தில் ஏறி நின்ற லைன்மேனுக்கு எங்கள் தெருவில் மூன்று வீட்டிலிருந்து டீ போனது. அவர் எந்த ஊர், எத்தனை நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்றெல்லாம் அன்றைக்குத்தான் விசாரித்தோம். ஒரு வாரம் கழித்து அரை மணி நேரம் கரண்ட் போனது. அதே தெருவில் என்ன பேச்சு வந்தது என்பதை இந்த இதழில் எழுத முடியாது.

நோன்பு மாதத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். புயல் எதுவும் அடிக்காமலே, நம் இஷ்டத்தோடு, பகல் முழுதும் தண்ணீரை ஒதுக்கிவைக்கிறோம். முதல் நாள் பாங்கு சொன்னதும் தொண்டையில் இறங்கும் அந்த ஒரு மடக்குத் தண்ணீருக்கு எந்த ஜூஸும் ஈடாகாது. மூளையின் நோட்டைச் சுத்தமாக அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து எழுதுவது மாதிரி. ஆனால் நாம் கெட்டிக்காரர்கள், அதையும் பழக்கிவிடுகிறோம்! பத்தாவது நோன்புக்குள் பாருங்கள்: சமோசா எங்கே, ரோஸ் மில்க் ஏன் சில்லென்று இல்லை, கஞ்சியில் உப்புக் கம்மி. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஸஹருக்கு எழுப்புவது என் மனைவிதான். மூன்று மணிக்கு எழுந்து, சமைத்து, எல்லோரையும் எழுப்பி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத் தொழுவார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், எழ முடியவில்லை. நாங்கள் கண் விழித்தபோது பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. என் வாயில் முதலில் வந்த வார்த்தை, "ஏன் எழுப்பல?"

முப்பத்தொரு வருஷம் எழுப்பியபோது ஒரு வார்த்தையும் வந்ததில்லை. எழுப்பாத ஒரு நாள் வந்தது. ஷுல்ட்ஸின் குரங்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த விடிகாலைதான் ஞாபகம் வந்தது. கூட்டம் நடத்தினால் மைக்செட் போட்டவருக்குக்கூட ஜஸாக்கல்லாஹ் சொல்கிறோம். சொந்த வீட்டில் அதைச் சொல்வதற்கு ஏனோ வெட்கமாக இருக்கிறது.

இனி நம் அறக்கட்டளை விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

மாதாமாதம் நாம் மளிகைப் பை கொடுக்கும் வீடுகளில் ஒன்று, தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியுடையது. முதல் மாதம் பையைக் கொண்டுபோனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் துஆ செய்தார். இரண்டாம் மாதமும் துஆ. ஐந்தாம் மாதம் "வச்சிட்டுப் போங்க தம்பி." எட்டாம் மாதம் பை போவதற்குக் கொஞ்சம் தாமதம் ஆகிவிட்டது. "என்ன தம்பி, அஞ்சாம் தேதி ஆயிடுச்சே? எண்ணெய் பாக்கெட் வேற சின்னதா இருக்கு?" என்றார்.

என்னோடு வந்த இளைஞர் என்னிடம் படித்தவர். திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே பொருமினார்: "பாத்தீங்களா சார்? குடுக்கக் குடுக்க இப்படித்தான். நன்றியே இல்ல. பேசாம வேற குடும்பத்துக்கு மாத்திடலாம் சார்." நம் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வேறு வேறு வார்த்தைகளில் வந்திருக்கிறது, ஞாபகம் இருக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தச் சுருக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. நான் அந்தத் துஆவை எதிர்பார்த்துப் போயிருந்தேன். முதல் மாதம் அது எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது. கண் கலங்கி வந்தேன். பிறகு அது எனக்குப் பாக்கி மாதிரி ஆகிவிட்டது. வராதபோது நஷ்டம் எழுதிக்கொண்டேன். அவருக்கு மளிகைப் பை எப்படிப் பழகிப்போனதோ அப்படியே எனக்கு அவருடைய நன்றி பழகிப்போயிருந்தது. உணவளிப்பவர்கள் நன்றியைக்கூட வேண்டாமல் கொடுப்பதைப் பற்றித் தஹ்ர் சூராவில் வருவதை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன்.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். எட்டு மாதமாக ஒரு பை வருகிறது. முதல் மாதம் அது அதிர்ஷ்டம். இப்போது அவர் அதை நம்பித் தன் மாதத்தைத் திட்டமிடுகிறார். அரிசி வந்துவிடும் என்பதால் உதவித்தொகைப் பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்கிறார். ஐந்து நாள் தாமதமானால் அந்தக் கணக்கு உடைகிறது. "ஏன் லேட்" என்று ஒருவர் நம்மைக் கேட்கிறார் என்றால், நம்மை நம்பிவிட்டார் என்று அர்த்தம். நாம் ஆசைப்பட்டதும் அதுதானே? மாதாமாதம் கண்ணீர் விட்டு வாங்க வேண்டும் என்றால், அடுத்த மாதம் வருமா என்ற பயத்திலேயே அவரை வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நன்றி நமக்கு எதற்கு?

ஊர் விஷயங்களிலும் இந்த வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுப்பது, ரேஷனில் எடை குறைந்தால் கேட்பது, செய்த வேலைக்குக் கூலி கேட்பது, இதற்கெல்லாம் "ஷுக்ர் இல்லாதவர்" என்று யாரையும் சொல்லக் கூடாது. "இருப்பதற்கு நன்றி சொல்லிக்கொண்டு இரு" என்ற வார்த்தை வசதி உள்ளவர் வாயிலிருந்து வசதி இல்லாதவர் காதுக்குப் போகும்போது அது உபதேசமாக இருப்பதில்லை, வாயை அடைப்பதாக ஆகிவிடுகிறது. என் நன்னி காலத்தில் பெண்கள் விடிவதற்கு முன் குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறந்ததால்தான் அந்தக் குடம் இடுப்பை விட்டு இறங்கியது. எதிர்பார்ப்பு உயர்வது நல்லது. அந்தத் தண்ணீருக்குப் பின்னால் இருக்கும் ஆட்களும், அதற்கும் பின்னால் இருக்கும் கொடையும் நம் கண்ணிலிருந்து மறைவதுதான் கவலை. டேங்க் வால்வு திறப்பவர், விடியலில் சாக்கடை அள்ளுபவர், மூன்றரை மணிக்கு எழுந்து ஹவுழில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் நம் மோதினார். ஒரு நாள் வராவிட்டால் மட்டும் பெயர் சொல்லப்படும் மனிதர்கள்.

சரி, இழக்காமலே இதைப் பார்க்க வழி உண்டா?

2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிங்கியுங் கூ, திமோதி வில்சன் முதலியோர் ஒரு சோதனை செய்தார்கள். மணவாழ்க்கையிலோ உறவிலோ இருப்பவர்களில் ஒரு பிரிவினரிடம், உங்கள் துணையை எப்படிச் சந்தித்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம், அவரைச் சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பு இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தபின் தங்கள் உறவைப் பற்றி அதிக நிறைவோடு பேசியவர்கள் இரண்டாவது பிரிவினர். இருப்பதை எண்ணிப் பார்ப்பதைவிட, அது இல்லாமல் போயிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் கழித்துப் பார்ப்பது மனதை அதிகம் அசைக்கிறது.

இதைப் படித்ததும் நம்மவர்களுக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். நம்மில் பலர் தூங்கும் முன் ஓதும் முல்க் சூரா, தண்ணீர் நிலத்துக்குள் ஆழப் போய்விட்டால் யார் கொண்டுவந்து தருவார் என்று கேட்டுத்தான் முடிகிறது. கஸஸ் சூராவில் இரவு விடியாமலே நீண்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும், பகல் முடியாமலே நீண்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கப்படுகிறது. கழித்துப் பார் என்ற அதே கேள்வி. கருங்கல் பாறையில் போர் போட்டு, நூற்றுக்கணக்கான அடி இறங்கியும் வெறும் புழுதி பறந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற செஞ்சிக்காரருக்கு முல்க் சூராவின் கடைசி ஆயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அதையும் நாம் தினமும் ஓதி ஓதிப் பழக்கிவிட்டோம். கேள்வி வாயிலிருந்து போகிறது, காதுக்குள் வருவதில்லை. அர்ரஹ்மான் சூராவில் ஒரே கேள்வி 31 தடவை வருகிறது. ஒரே கேள்வியை ஏன் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்று சிறு வயதில் நினைப்பேன். இப்போது 31 தடவை போதுமா என்று தோன்றுகிறது.

நான் இப்போது செய்வது ரொம்பச் சின்ன வேலை. ஒளு செய்யும்போது குழாயைத் திறப்பதற்கு முன் ஃபெஞ்சலின் இரண்டாம் நாளை ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன். எல்லா நாளும் நடப்பதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மறந்துவிடுகிறேன். இந்தப் பழக்கமும் ஒரு நாள் பழகிப்போய் வெறும் சடங்காகிவிடும் என்று தெரியும், அப்போது வேறு எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டும். மளிகைப் பை விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம்: மாதம் முதல் தேதிக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். பெரிய எண்ணெய் பாக்கெட்டுக்கு ஒரு சகோதரர் பொறுப்பேற்றுக்கொண்டார். அந்த இளைஞர்தான் இன்னமும் பை கொண்டுபோகிறார். போன மாதம் போனபோது மூதாட்டி பருப்பில் வண்டு இருக்கிறது என்றாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

யுனெஸ்கோ செய்தி வந்து இரண்டு வாரம் இருக்கும். மஃரிப் தொழுதுவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். மேற்கே மேகம் பிரிந்திருந்தது. கிருஷ்ணகிரிக்கும் ராஜகிரிக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில், பாறைக்குச் சற்று மேலே, மெல்லிசாக ஒரு பிறை. நான் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். எதிர் மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மேற்கே பார்த்தார்.

"என்ன பாய், பிறை பாக்குறீங்க? நாளைக்கு எதுவும் நோன்பா?"

"இல்லங்க. ஸஃபர் பிறை. சும்மாதான்."

அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பித் தன் மகளை மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டார்.